டெல்டா தண்ணீருக்கு எந்த கீசர் டேங்க், எந்தக் காயில்: கழற்றி மாட்டும் செய்முறை

கழற்றி வெளியே எடுத்த காயிலைப் பார்த்தாலே அந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று சொல்லிவிடலாம். வெள்ளை வெளேரென்று கம்பியே தெரியாத அளவுக்குச் சுண்ணாம்பு அப்பியிருந்தால் கடினத்தன்மை கூடிய போர் தண்ணீர். பழுப்பாக, பிசுபிசுவென்று குழம்பு வழிந்தால் அதில் இரும்பும் சேர்ந்திருக்கிறது. மேலே பெரிதாக எதுவும் படியாமல் குழாயில் ஊசி குத்தினாற்போல ஒரு ஓட்டை, அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் மட்டுமே ஏறுகிற மாடித் தொட்டி என்றால் காயிலில் மெல்லிய சாம்பல் படலம், டேங்க் அடியில் கொஞ்சம் நுண்மணல், அவ்வளவுதான்.

இந்த நான்கு தண்ணீருக்கும் கடையில் ஒரே கீசரைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். கார்த்திகை பிறந்ததும் பாதி வீடுகளில் அதே காயில் மறுபடி எரிவது இதனால்தான். காயில் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. எதை மாட்டுவது என்று முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கே சொல்வது சுவரில் நிற்கிற 15 லிட்டர், 2000 வாட் ஸ்டோரேஜ் கீசருக்கு. 10, 25 லிட்டருக்கும் செய்முறை இதுதான். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வேறு ஜாதி. அதில் பல மாடல்களில் காயிலைத் தனியாக எடுக்கவே முடியாது. மல்டிமீட்டர் வைத்துக் கரன்ட் இல்லை என்று உறுதி செய்யத் தெரியாதவர்கள் தண்ணீர்ப் பகுதியையும் டேங்க் பகுதியையும் படித்துக்கொள்ளுங்கள். கழற்றுகிற வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

முதலில் தண்ணீர்

டிடிஎஸ் பேனாவை நனைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறவர்கள் அதிகம். அந்தப் பேனா எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. 900 காட்டுகிற தண்ணீர் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்றில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட் அதிகம். அது சூடானதும் சுண்ணாம்பாகப் பிரிந்து காயிலை மூடும். டேங்கை அவ்வளவாகத் தொடாது. இன்னொன்றில் சாப்பாட்டு உப்பு அதிகம். அது படியாது, அரிக்கும். முதலாவதற்குக் காயிலைப் பார்த்து வாங்க வேண்டும், இரண்டாவதற்கு டேங்கைப் பார்த்து வாங்க வேண்டும். பேனாவில் இரண்டும் ஒரே எண்.

வீட்டிலேயே செய்கிற சோதனை போதும். ஒரு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க விட்டு ஆற வையுங்கள். அடியில் வெள்ளைப் பொடியோ மேலே ஆடையோ தெரிந்தால் சுண்ணாம்புத் தண்ணீர். இன்னொரு பங்கை வெள்ளை வாளியில் இரவு முழுக்க மூடாமல் வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் காலையில் மஞ்சளித்தால் இரும்பு. வாயில் வைத்துக் கரித்தால் குளோரைடு. போரைப் போட்டதும் அழுகின முட்டை வாடை வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரைந்து கொடுக்கிற ஆனோடு ராடு வாங்கும்போது அது வேண்டும்.

எண்ணாகவே வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். நமக்கு வேண்டியது மூன்று எண்: மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு. குடிநீர் தரமான ஐஎஸ் 10500, கடினத்தன்மையை 200 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை அனுமதிக்கிறது. அது குடிக்கிறவருக்கான கணக்கு. கீசருக்கு 300 தாண்டினாலே காயில் ஆயுள் குறையத் தொடங்கிவிடும்.

எவ்வளவு படியும் என்று ஒரு கணக்கு. கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம், வீட்டில் தினம் 60 லிட்டர் வெந்நீர். அந்தத் தண்ணீரோடு தினமும் 24 கிராம் சுண்ணாம்பு உள்ளே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தங்கினாலும் தினம் 2.4 கிராம், வருடத்துக்கு 875 கிராம் சொச்சம். டேங்கைத் திறந்தால் கையளவு கையளவாக அள்ளுவது இதனால்தான். 60 டிகிரிக்கு மேலே போகப் போக இது இன்னும் வேகமாகப் படியும். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்துவிட்டு வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பது காயிலைக் காசு கொடுத்துக் கெடுப்பது. இந்த ஊர்க் குளிருக்கு 55 தாராளம்.

போரின் ஆழத்தையும் கேளுங்கள். கடலோர ஊர்களில் ஒரே தெருவில் ஆழமில்லாத போர் ஒரு ருசி, ஆழப் போர் வேறு ருசி. பக்கத்து வீட்டில் பத்து வருடம் ஓடிய கீசர் என்பது உங்கள் வீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

டேங்க்

சந்தையில் கிடைப்பது நான்கு வகை: செம்பு, எவர்சில்வர், இரும்புத் தகட்டின் உள்ளே கண்ணாடிப் பூச்சு, இரும்பின் உள்ளே பாலிமர் பூச்சு. ஐஎஸ்ஐ முத்திரை (ஐஎஸ் 2082) இல்லாததை எடுக்காதீர்கள், அதில் பேச்சே இல்லை.

எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை சமையலறையில் சரி, கீசரில் சரியில்லை. 304 தரத் தகடு குளோரைடு 200 மில்லிகிராமைத் தாண்டினாலே வெல்டிங் ஓரத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்கும். தண்ணீர் சூடாக இருப்பதால் இன்னும் சீக்கிரம். 316 தரம் இதைவிடக் கூடுதலாகத் தாங்கும், அதற்கும் எல்லை உண்டு. கரிக்கிற தண்ணீருக்கு எவர்சில்வர் டேங்க் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அரித்த டேங்கை ஈயம் வைத்தோ எம்-சீல் போட்டோ அடைப்பதும் வீண். ஒரு ஓட்டை தெரிகிறது என்றால் பக்கத்தில் பத்து தயாராகிக்கொண்டிருக்கும்.

கரிக்கிற தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சு டேங்க்தான். ஆனால் அது தனியாக நிற்காது, உள்ளே மெக்னீசியம் ஆனோடு ராடு இருக்க வேண்டும். பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் எப்போதும் இருக்கும். அங்கே இரும்பு அரிபடுவதற்குப் பதில் மெக்னீசியம் கரைந்து கொடுக்கிறது. ராடு தீர்ந்த பிறகு டேங்க் தன் கணக்கை ஆரம்பிக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகக் கடக்கும் என்பதால் ராடும் சீக்கிரம் தீரும். கடற்கரைப் பக்கம் வருடம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். ராடு பாதிப் பருமனுக்கு இளைத்திருந்தாலோ நடுவிலுள்ள இரும்புக் கம்பி எங்காவது தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். வாங்கிய நாளிலிருந்து ராடு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் ஓடுகிற கீசர்கள்தான் அதிகம்.

முட்டை வாடைத் தண்ணீருக்கு ஒரு விதிவிலக்கு. சல்பேட்டைத் தின்று வாடை கிளப்புகிற பாக்டீரியாவுக்கு மெக்னீசியம் ராடு தோதாகப் போய்விடும்; வெந்நீர்க் குழாயில் மட்டும் நாற்றம் கூடும். அங்கே அலுமினியம்-துத்தநாக ராடு போட்டால் பெரும்பாலும் அடங்கும். நாற்றம் பொறுக்காமல் ராடையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் டேங்க் போய்விடும்.

செம்பு டேங்க் சூட்டைக் கடத்துவதிலும் சுத்தத்திலும் நல்லது, ஆற்றுத் தண்ணீர் வருகிற வீடுகளில் நீண்ட நாள் உழைக்கும். விலை அதிகம். அதன் இணைப்பில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிளை நேராகத் திருகினால் நிப்பிள் அரித்துப் போகும். நடுவில் பித்தளை வேண்டும்.

தண்ணீர் அழுத்தத்தைச் சொல்கிற பார் கணக்கைப் பெரிதாகச் சொல்லி விற்பார்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய 1 பார். மாடித் தொட்டிக்கும் குளியலறை கீசருக்கும் நான்கு மீட்டர் வித்தியாசம் என்றால் 0.4 பார்தான். தனி வீட்டுக்கு 8 பார் டேங்க் என்பது தேவைக்கு மேல். பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும் அடுக்கு மாடிக்கும்தான் அது வேண்டும். மின் சிக்கன லேபிளில் இருக்கிற நட்சத்திரமும் அப்படியே. அது சொல்வது சும்மா இருக்கும்போது சூடு எவ்வளவு கசிகிறது என்பதை. கும்பகோணத்து லாட்ஜில் நாள் முழுக்க ஓடுகிற கீசருக்கு நட்சத்திரம் காசு மிச்சம். காலையில் இருபது நிமிடம் போட்டு அணைக்கிற வீட்டில் வித்தியாசம் சொற்பம்.

காயில் கணக்கு

கீசர் காயில் என்பது மூன்று அடுக்கு. நடுவில் சுருள் சுருளாக நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி இறுக்கமாக அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு பொடி, வெளியே உலோகக் குழாய். பொடி சூட்டைக் கடத்தும், கரன்ட்டைக் கடத்தாது. உள்ளே கம்பி அறுந்தால் திறந்து புதுக் கம்பி சுற்ற முடியாது. பொடியைத் தொழிற்சாலை இறுக்கத்துக்கு மறுபடி அடைக்கக் கையால் ஆகாது. மண் அடுப்பு ஹாட் பிளேட்டுக்குச் சுருள் மாற்றுகிற பழக்கத்தில் இதையும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள். கீசரில் மறுகட்டு என்பது காயில், பேக்கிங், ஆனோடு மூன்றையும் புதிதாகப் போட்டு காயில் பொருத்தியிருக்கிற தட்டான ஃபிளாஞ்சைத் திரும்பப் பூட்டுவதுதான்.

2000 வாட், 230 வோல்ட் என்றால் 8.7 ஆம்பியர், மின்தடை 26.45 ஓம். தயாரிப்பில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், 25-லிருந்து 29.5 ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. நிக்ரோம் சூடானாலும் மின்தடை அதிகம் மாறாது, ஆகவே குளிர்ந்த நிலையில் அளந்ததையே நம்பலாம். 1500 வாட்டுக்கு 35 ஓம், 3000 வாட்டுக்கு 17.6 ஓம்.

15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் 18 நிமிடம். ஊர்க் கோடியில், டிரான்ஸ்ஃபார்மருக்குத் தூரத்தில் இருக்கிற வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்றால் அதே காயில் 1225 வாட்தான் தரும். 30 நிமிடம் ஆகும். கீசர் கெட்டுவிட்டது என்று வருகிற புகார்களில் சில வெறும் லோ வோல்டேஜ். மீட்டரை வைத்து அளக்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம். இதற்காக 3000 வாட் காயில் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். விடியற்காலையில் ஊர் லோடு குறைந்து வோல்டேஜ் 250 ஏறினால் 2000 வாட் காயிலே 2360 வாட் இழுக்கும். 3000 வாட் காயில் அப்போது என்ன இழுக்கும், பிளக்கும் வயரும் என்ன ஆகும் என்று பாருங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீருக்குக் காயில் வாங்கும்போது வாட்டைப் பார்ப்பதைவிட நீளத்தைப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் குழாயில் சூடாகும் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர். 2000 வாட்டில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 13 வாட் சுமக்கிறது. அதே வாட்டுக்கு ஒரு மீட்டர் நீளம் என்றால் 8 வாட்தான். குழாய் மேல்பரப்புச் சூடு குறையக் குறையச் சுண்ணாம்பு மெதுவாகத்தான் படியும். டேங்குக்குள் நுழைகிற அளவில் அதிக மடிப்புள்ள காயிலே நல்லது.

வெளிக்குழாய் செம்பா, இன்கோலாயா என்பது அடுத்த கேள்வி. செம்பு மலிவு. சுண்ணாம்பு மூடினால் சூடு வெளியே போக வழியில்லாமல் குழாய் வெந்து வெடிக்கும், உப்பில் ஊசி ஓட்டை விழும். இன்கோலாய் 800 நிக்கல், குரோமியம், இரும்பு கலந்த உலோகம். அந்தச் சூட்டையும் உப்பையும் கூடத் தாங்கும். போர் தண்ணீர் வீடுகளில் செம்புக் காயிலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஆற்றுத் தண்ணீர் வீட்டில் செம்பு போதும்.

கழற்றும் முன்

தேவையானவை: 10, 13 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், மல்டிமீட்டர், முடிந்தால் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் கசிவை அளக்கிற மீட்டர்), துரு தளர்த்தும் ஸ்பிரே, இரண்டு வாளி, பழைய துணி, புதுக் காயில், புது சிலிக்கான் பேக்கிங், ஆனோடு ராடு, டெஃப்ளான் டேப், எலுமிச்சை உப்பு அரைக் கிலோ. கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் அதுவேதான்.

காயிலைக் கழற்றாமலே பாதி முடிவு தெரியும். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கீழ் மூடியைத் திறந்து பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றிலும் மீட்டர் வைத்துக் கரன்ட் இல்லை என்று பாருங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். வயர்களைக் கழற்றும் முன் ஒரு போட்டோ. காயிலின் இரண்டு முனையையும் தனியாக்கி ஓம் அளங்கள். 26 பக்கம் காட்டினால் கம்பி நன்றாக இருக்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

கம்பி நன்றாக இருந்தும் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது என்றால் கசிவு. மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் அளக்கும். அதில் தெரியாத கசிவு 230 வோல்ட்டில் தெரியும். மெக்கரின் ஒரு முனையைக் காயில் முனையிலும் மறு முனையை ஃபிளாஞ்சிலும் வைத்து 500 வோல்ட் கொடுங்கள். புதுக் காயில் 100 மெகா ஓமுக்கு மேல் காட்டும். ஓடின காயில் 2-க்கு மேல் இருந்தால் ஓட்டலாம். 1-க்குக் கீழே போனால் குழாயில் ஈரம் நுழைந்திருக்கிறது. கீசரைப் போட்டதும் விழாமல் ஐந்து நிமிடம் கழித்து விழுகிற ஆர்சிசிபி, சூட்டில் விரிகிற மயிரிழை விரிசலின் அடையாளம். சுவிட்சை அணைத்த பிறகும் விழுகிறது என்றால் சுவிட்ச் ஒற்றைத் துருவம், நியூட்ரல் வழியாகக் கசிகிறது. அங்கே 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச் போட வேண்டும்.

ஆர்சிசிபி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்து குளிக்கிற வீடுகள் இருக்கின்றன. 30 மில்லி ஆம்பியரில் விழச் சொல்லி வைத்திருப்பது ஆள் சாகாமல் இருக்கத்தான்.

கழற்றுவது

குளிர்நீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். பிறகு கீழே உள்ள சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்கி வாளியில் வடியுங்கள். வெந்நீர்க் குழாய் திறந்தே இருக்க வேண்டும்; காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் இறங்காது. வால்வு அடைத்துக்கொண்டிருந்தால் குளிர்நீர் ஹோஸைக் கழற்றிவிடுங்கள். வடிந்துவிட்டது என்று நினைத்தாலும் அடியில் ஒன்றிரண்டு லிட்டர் நிற்கும், ஃபிளாஞ்சைத் திறந்ததும் முகத்தில் கொட்டும்.

தெர்மோஸ்டாட்டையும், சூடு எல்லை மீறினால் கரன்ட்டைத் துண்டிக்கிற கட்-அவுட்டையும் அவற்றின் பாக்கெட்டிலிருந்து மெதுவாக உருவுங்கள். கேப்பிலரி வகை என்றால் செம்பு நரம்பை மடிக்கக் கூடாது, மடிந்தால் அந்த தெர்மோஸ்டாட் குப்பை.

ஃபிளாஞ்ச் நட்டுகளுக்கு ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் ஊற விடுங்கள். எதிர் எதிர் நட்டாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கமாகத் திருகி, நட்டு ஏறியிருக்கிற ஸ்டட் உடைந்தால் வேலை இரட்டிப்பு. கண்ணாடிப் பூச்சு டேங்கில் துருப்பிடித்த ஸ்டட்டை கேஸ் டார்ச்சால் சூடேற்றிக் கழற்ற முயலாதீர்கள். பூச்சு வெடித்துவிடும், டேங்கே போச்சு.

காயில் பாதி வந்து நின்றால் சுண்ணாம்பு ஓட்டையைவிடப் பருமனாகிவிட்டது என்று அர்த்தம். இழுக்க வேண்டாம். மரக்கட்டையால் ஃபிளாஞ்சை லேசாகத் தட்டிச் சுழற்றினால் சுண்ணாம்பு ஓடு ஓடாக உதிரும். அப்படியும் வராவிட்டால் ஓட்டை வழியாக மரக்குச்சியை விட்டுத் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பூச்சைக் கீறும்.

டேங்க் அடியில் கிடக்கிற கசடைக் கையால் அள்ளி, மறுபடி தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பைச் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. அது யாரையும் தொந்தரவு செய்யவில்லை. கெடுதல் காயில் மேல் இருப்பதுதான்.

காயில் நல்லது, சுண்ணாம்பு மட்டுமே பிரச்சினை என்றால் அதையே திரும்ப மாட்டலாம். ஆனோடு ராடைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, லிட்டருக்கு 60-லிருந்து 80 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் காயிலை மூன்று நான்கு மணி நேரம் நிறுத்துங்கள். முனைகள் தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நுரைத்து அடங்கினதும் நைலான் பிரஷ் போட்டு அலசுங்கள். ராடோடு சேர்த்து ஊறப் போட்டால் அமிலம் மெக்னீசியத்தைத்தான் முதலில் தின்னும், ஹைட்ரஜனும் கிளம்பும். கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு. பத்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும், உண்மை. குழாயையும் சேர்த்துத் தின்றுதான் அந்தப் பளபளப்பு.

பூட்டுவது

பழைய காயிலைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கீசர் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். ஃபிளாஞ்ச் விட்டம், போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, காயில் நீளம், மடிப்பின் திசை, தெர்மோஸ்டாட் பாக்கெட்டின் நீளம், ஆனோடு திருகு ஓட்டை இருக்கிறதா என்பது, இவை எல்லாம் பொருந்த வேண்டும். பாக்கெட் குட்டையாக இருந்தால் தெர்மோஸ்டாட் ராடு முழுதாக இறங்காது, சூடு தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலத்தில் கடையில் வெகுநாள் கிடந்த புதுக் காயில் சில சமயம் மெக்கரில் குறைவாகக் காட்டும். முனை வழியாகப் பொடி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். குறை என்று தூக்கி எறிய வேண்டாம்; 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் காய வைத்து மறுபடி அளங்கள். ஏறினால் நல்லது, ஏறாவிட்டால் கடைக்காரரிடமே கொடுத்துவிடலாம்.

ஃபிளாஞ்ச் உட்காரும் முகத்தைத் துணியால் துடைத்துப் பழைய பேக்கிங் துணுக்கு இல்லாமல் செய்யுங்கள். பேக்கிங் எப்போதும் புதிது. பழையதைத் திருப்பிப் போடுவது, மேலே சிலிக்கான் பசை தடவுவது இரண்டும் வேண்டாம். பசை அடுத்த முறை கழற்றுகிறவர் உயிரை எடுக்கும். காயில் டேங்க் சுவரைத் தொடாமல் நடுவில் நிற்கிறதா என்று கையால் பாருங்கள். நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிர் எதிராக, மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

இனி வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அப்புறம்தான் கரன்ட். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக் குளிர்நீர் வால்வைத் திறங்கள். குழாயில் காற்று விக்கி விக்கி வந்து பிறகு ஒரே சீராகத் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு முன் சுவிட்சைத் தட்டினால் காற்றில் நிற்கிற காயில் சிவந்து எரிந்துவிடும். புதுக் காயில் அன்றைக்கே போனது என்று திரும்ப வருவதில் இந்தக் காரணம் அடிக்கடி தென்படும்.

வயர் முனைகளை முறுக்கிச் சொருகாமல் லக் என்கிற உலோக முனை வைத்து நசுக்கி கிரிம்ப் செய்யுங்கள். தளர்ந்த முனையில் 8.7 ஆம்பியர் ஓடினால் முதலில் பழுப்பேறும், பிறகு உருகும். இன்சுலேஷன் டேப் அந்தச் சூட்டில் ஒழுகும். கண்ணாடி நூல் ஸ்லீவ் போடுங்கள். எர்த் வயர் ஃபிளாஞ்சின் எர்த் போல்ட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும். சுவரிலிருந்து வருகிற வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், 16 ஆம்பியர் பிளக். இன்வெர்ட்டர் லைனில் கீசர் இருக்கக் கூடாது.

தெர்மோஸ்டாட்டை 55-ல் வைத்து ஒரு முறை சூடாக விட்டு, தானாக அணைகிறதா பாருங்கள். ஆறினதும் மெயினை அணைத்து நட்டுகளை மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள். பேக்கிங் சூட்டில் அமுங்கியதால் கால் சுற்று இடம் கொடுக்கும்.

பூட்டிய பிறகு வருகிற புகார்கள்

சேஃப்டி வால்விலிருந்து சூடாகும்போது சொட்டுகிறது என்பார்கள். 25-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 200 மில்லி விரியும். பின்னே போக வழியில்லாத இடத்தில் அது வால்வு வழியாகச் சொட்டியே ஆக வேண்டும். அந்த வாயில் எண்ட் கேப் மாட்டி அடைத்திருப்பதைப் பார்த்தால் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் வெடிப்பதற்கு அந்த ஒரு கேப் போதும். சூடாகாதபோதும் விடாமல் ஒழுகினால் வால்வு சீட்டில் மணல். நெம்புகோலை நாலு முறை தூக்கி விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரு வாளி சூடாக வந்து உடனே குளிர்ந்துவிடுகிறது என்றால் காயிலைத் தொடாதீர்கள். உள்ளே குளிர்நீரை அடியிலேயே பரப்புகிற பிளாஸ்டிக் குழாய் உடைந்திருக்கும், பச்சைத் தண்ணீர் நேராக மேலே ஏறிக் கலக்கும்.

கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்றால் ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பது வைத்தியமல்ல. தெர்மோஸ்டாட் காண்டாக்ட் ஒட்டியிருக்கும், அல்லது பாக்கெட் மேல் சுண்ணாம்பு மூடிச் சூடு உணராமல் இருக்கும். கட்-அவுட்டை நேராகச் சேர்த்துவிடுவது அறவே கூடாது.

கொதிக்கிற மாதிரி டொக் டொக் என்று சத்தம் வந்தால் சுண்ணாம்பு திரும்பப் படிந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்கும்போதே திறந்தால் எலுமிச்சை உப்போடு முடியும்; காத்திருந்தால் காயில் போகும். இதற்காக வீட்டுக்கு சாஃப்ட்னர் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சுண்ணாம்பு நின்றுவிடும், ஆனால் அந்தத் தண்ணீரில் ஆனோடு வேகமாகக் கரையும். ராடு பார்க்கிற இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

பங்குனிக்குப் பிறகு கீசரை யாரும் தொடுவதில்லை. அந்த ஏழெட்டு மாதமும் உப்புத் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கடலோர வீடுகளில் கடைசியாகக் குளித்த வாரத்திலேயே ஆனோடைப் பார்த்துவிடுங்கள். டேங்கை வடித்துக் காலியாக விடுவதைவிட நிரப்பி வைப்பதே நல்லது. காலி டேங்கில் ஆனோடு வேலை செய்யாது, ஈரச் சுவர் மட்டும் காற்றில் அரிக்கும். மாதம் ஒரு முறை வெந்நீர்க் குழாயைத் திறந்து ஒரு வாளி ஓட விட்டால் கசடும் வாடையும் தேங்காது. வடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்ச் மேல் தண்ணீர் இல்லை என்று காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். கார்த்திகையில் முதல் ஆளாக எழுந்து சுவிட்சைத் தட்டுகிறவருக்கு அது தெரிந்திருக்காது.